விதை நெல்லும் ஜீப்பின் இரண்டு பாட்டரிகளும்

உழவர் இல்லத்தில் உண்பதற்கென ஒரு குதிரும், விதைப்பதற்கென ஒரு கோட்டையும் இருக்கும். எத்துணை நெருக்கடி வந்தாலும் விதை நெல்லில் கை வைக்கலாகாது என்பது முன்னோர் வகுத்த நெறி. ஊராட்சி ஒன்றிய ஜீப்பில் இரண்டு பாட்டரிகள் பொருத்துவதன் கருத்தும் இதுவே. இவ்வுண்மையை நான் அறிந்துகொண்டது ஓர் இக்கட்டான இரவில்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தை அடுத்துக் கரையைக் கடந்தது. பல கிராமங்கள் பல நாட்கள் மின்சாரமின்றி இருந்தன. அப்போது நான் பணியாற்றிய கடலோர ஒன்றியத்தில், நான்கு சக்கரங்களும் உந்தும் டீசல் ஜீப் ஒன்று இருந்தது. அதில் இரண்டு பாட்டரிகளும் இருந்தன. மக்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்திற்கு ஓர் இரவு முழுவதும் அந்த ஜீப்பிலிருந்தே விளக்கும் ஒலிபெருக்கியும் இயக்கினோம். விடியுமுன் கர்ப்பிணிப் பெண் ஒருவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல நேர்ந்தது. சாவியைத் திருப்பினால் ‘டிக்’ என்ற ஓசை மட்டுமே எழுந்தது. சேற்றில் நின்ற வண்டியைத் தள்ளவும் இயலவில்லை. டிராக்டர் வந்து இழுக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. தாயும் சேயும் நலமடைந்தனர். எனினும் குற்றம் என்னுடையதே. இரண்டு பாட்டரிகள் உள்ளன என்று நம்பினேனேயன்றி, அவை தனித்தனியே நிற்கின்றனவா என்று சோதிக்கவில்லை.

இரண்டின் பணிகள்

டீசல் எஞ்சினில் காற்று மிகுந்த அழுத்தத்திற்கு உள்ளாகிறது. ஆதலின் அதைச் சுழற்றச் சில விநாடிகளுக்குப் பெருமளவு மின்னோட்டம் தேவை. முதல் பாட்டரி இதற்கென்றே மெல்லிய தகடுகள் பலவற்றைக் கொண்டது. அடிக்கடி முற்றும் வற்றவிட்டால் அது விரைவில் கெடும். விளக்கு, ஒலிபெருக்கி முதலியவற்றிற்கான இரண்டாவது பாட்டரியின் தகடுகள் தடித்தவை. மெல்லச் செலவழித்து மீண்டும் மின்னேற்றுவதற்கு ஏற்றவை. இவ்வமைப்பில் வண்டி 12 வோல்ட்டிலேயே இயங்கும். லாரிகளில் இரண்டு பாட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் பெறுவது வேறு முறை.

இரண்டிற்கும் நடுவே உள்ள ரிலேதான் காவலன். எஞ்சின் ஓடும்போது அது இரண்டையும் இணைத்து மின்னேற்றும், நின்றபின் பிரித்துவிடும். அதன் தொடுமுனைகள் சூட்டினால் ஒட்டிக்கொண்டால், இரண்டும் ஒன்றாகவே வற்றிவிடும். எங்கள் ஜீப்பில் நிகழ்ந்தது அதுவே. இக்குறை வெளியே தெரியாது.

மாதந்தோறும் செய்யவேண்டியவை

1. எஞ்சின் ஓடும்போது இரு பாட்டரிகளிலும் வோல்ட்மீட்டர் வைத்துப் பார்க்க. இரண்டிலும் ஏறத்தாழ 14 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டாவதில் குறைந்தால் ரிலே இணைக்கவில்லை, அல்லது பியூஸ் போயிற்று.

2. எஞ்சினை நிறுத்தி அரைமணி கழித்து, இரண்டாவது பாட்டரியின் விளக்குகளை எரியவிடுக. சற்று நேரத்தில் அதன் வோல்ட் இறங்கும். முதல் பாட்டரியின் அளவு அசையாதிருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் ரிலேயை உடனே மாற்றுக.

3. இரவு முழுவதும் ஓய்ந்திருந்த பாட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நன்று. 12.4க்குக் குறைந்தால் மின்னேற்றுக.

4. திறந்த வகைப் பாட்டரியில் தகடுகள் மூழ்கியிருக்கும்படி காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுக. கிணற்று நீரும் குழாய் நீரும் ஆகா. அமிலம் சேர்த்தலும் கூடாது.

5. முனைகளில் பூத்த வெண்பொடியைச் சோடா உப்புக் கரைசலால் கழுவித் துடைத்து, வாசலின் தடவுக. கரைசல் பாட்டரியினுள் புகாதவாறு மூடிகளை இறுக்குக.

6. வரப்பிலும் மேட்டுப்பள்ளத்திலும் ஓடும் வண்டியில் அதிர்ச்சியே தகடுகளின் பகை. இறுக்கும் பட்டையைச் சரிபார்க்க.

எச்சரிக்கை

பழுது பார்க்குமுன் இரு பாட்டரிகளின் எதிர்முனைக் கம்பிகளையும் கழற்றுக. ஒன்றை மட்டும் கழற்றினால் மற்றதிலிருந்து மின்னோட்டம் வந்துகொண்டேயிருக்கும். மீண்டும் பொருத்துகையில் நேர்முனையே முதலில். இரண்டையும் இணைக்கும் கம்பியின் இரு முனைகளிலும், பாட்டரியை ஒட்டியே பியூஸ் இருத்தல் அவசியம். மின்னேறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் பீடியோ தீக்குச்சியோ ஆகாது.

இச்சோதனைகளுக்கு ஓர் இரவு ஓய்வும் சிறிது நேர உழைப்பும் போதும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே ஒருமுறை முழுமையாகச் செய்து, கண்ட அளவுகளை வண்டியின் பதிவேட்டில் டிரைவர் எழுத, அதிகாரி கையொப்பமிடுவது நன்று. விதை நெல் கோட்டையைத் திறந்து பார்ப்பது விதைக்கும் நாளிலன்று. அதற்கு முன்னரே என்பதை நாம் மறவாதிருப்போமாக.