வானில் பறப்போர்க்கு இனிப்பும் உடற்பயிற்சியும்

விமானி என்றவுடன் நம்மிற் பலர் பெருநிறுவனங்களின் பயணி விமானங்களை ஓட்டுவோரையே நினைக்கிறோம். பிழைப்புக்காக அன்றித் தம் விருப்பத்திற்காக விமானம் ஓட்டுவோரும் உளர். அவர்கள் பெறுவது தனியார் விமானி உரிமம். நம் நாட்டில் முதன்முதல் விமானி உரிமம் பெற்றவர் ஜே. ஆர். டி. டாட்டா, ஆண்டு 1929. 1932 அக்டோபர் 15ஆம் நாள் அவர் கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையுடன் சிறு விமானம் ஒன்றை ஓட்டி வந்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982இல், தம் 78ஆம் வயதில் அதே வழியில் மீண்டும் ஒரு பழைய சிறு விமானத்தை ஓட்டினார். இத்தனை காலம் பறக்க வேண்டுமானால் பணமும் ஆசையும் மட்டும் போதா. உடலும் ஒத்துழைக்க வேண்டும்.

பயணி விமானத்தில் விமானிகள் இருவர். ஒருவர் மயங்கினால் மற்றவர் இருக்கிறார். சிறு விமானத்தில் அந்த வசதி இல்லை. ஓட்டுபவர் ஒருவரே; அவர் மூளையும் ஒன்றே. அம்மூளை உடல் எடையில் 2 சதவீதமே ஆயினும், ஓய்வு நேரத்தில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைத் தானே எடுத்துக்கொள்கிறது. நாள் ஒன்றுக்கு அது கேட்பது சுமார் 120 கிராம் குளுக்கோஸ். ஆனால் நம் இரத்தம் முழுவதிலும் ஒரு நேரத்தில் இருக்கும் குளுக்கோஸோ 5 கிராம் அளவே; அதாவது ஒரு தேக்கரண்டி! இந்த ஒரு கரண்டி மிகாமலும் குறையாமலும் கணையமும் கல்லீரலும் இரவும் பகலும் காவல் காக்கின்றன. மேலும், சிறு விமானங்களின் உள்ளே காற்றழுத்தத்தைச் செயற்கையாகக் கூட்டும் ஏற்பாடு பெரும்பாலும் கிடையாது. 8,000 அடி உயரத்தில் ஆக்சிஜனின் அழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கே. அந்த இடத்தில் சர்க்கரையும் தாழ்ந்தால் முதலில் தடுமாறுவது கை அன்று, தீர்ப்பளிக்கும் அறிவு. தடுமாறுகிறோம் என்பதை உணர வேண்டிய அறிவும் அதுவே என்பதுதான் கொடுமை.

ஆதலால்தான் நீரிழிவைப் பற்றி விமான விதிகள் கடுமையாக உள்ளன. பன்னாட்டுக் குடிசார் விமானப் போக்குவரத்து அமைப்பின் பொது விதிப்படி, இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர் பறக்கத் தகுதியற்றவர். உணவாலோ, ஏற்ற மாத்திரைகளாலோ நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவர் தகுதி பெறலாம். அமெரிக்கா 1996இல் இன்சுலின் எடுத்துக்கொள்ளும் தனியார் விமானிகளுக்குச் சிறப்பு அனுமதிக்கு வழி வகுத்தது. அதற்கு இட்ட நிபந்தனைகளைப் பாருங்கள்: புறப்படுவதற்கு அரை மணி நேரத்திற்குள் இரத்தச் சர்க்கரையை அளக்க வேண்டும், பறக்கும்போது மணிக்கு ஒருமுறை அளக்க வேண்டும், இறங்குவதற்கு முன்னும் அளக்க வேண்டும். அளவு 100க்குக் கீழே போகவும் கூடாது, 300க்கு மேலே ஏறவும் கூடாது. ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையின் விரலைக் குத்திப் பார்க்கும் காட்சியை எண்ணிப் பாருங்கள். அந்நிலை வருமுன் காத்துக்கொள்வது எளிதல்லவா?

இதை நான் வெறும் பாடமாக எழுதவில்லை. மாணவ விமானி உரிமத்திற்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும். அதை இவ்வாண்டு பெற்றிருக்கிறேன். என் பாட்டனாருக்கு நீரிழிவு. தந்தையாருக்கு நாற்பதாம் வயதில் வந்தது. சான்றிதழ் ஒருமுறை வாங்கி மாட்டிவைக்கும் படம் அன்று. மீண்டும் மீண்டும் புதுப்பிக்க வேண்டும். தேர்வுக்கு முன்னிரவு மட்டும் படிக்கும் நம் வழக்கம் இங்கே பலிக்காது. எச்பிஏ1சி என்னும் சோதனை, சிவப்பணுக்களில் ஒட்டிய குளுக்கோஸை அளப்பது. சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். எனவே கடந்த இரண்டு மூன்று மாதத்து உண்மையை அது சொல்லிவிடும். 5.7க்குக் கீழே இருந்தால் நலம்; 6.5ஐ எட்டினால் நீரிழிவு; இடைப்பட்டது எச்சரிக்கை. 2023இல் வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வின்படி நம் நாட்டில் நீரிழிவுடையோர் சுமார் 10 கோடிப் பேர். எச்சரிக்கை நிலையில் உள்ளோர் 13 கோடியே 60 லட்சம். மெலிந்த உடல் என்று நாம் மகிழ்வதற்கும் இடமில்லை. மேலைநாட்டாரைவிடக் குறைந்த எடையிலேயே இந்தியர்க்கு இந்நோய் வருகிறது.

சர்க்கரையை எவ்வளவு குறைப்பது? உலகச் சுகாதார நிறுவனம் 2015இல், கூட்டிச் சேர்க்கும் சர்க்கரை நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்திற்குள் இருக்க வேண்டும் என்றது. 5 சதவீதமானால் இன்னும் நன்று. 2,000 கலோரி உண்பவர்க்கு இவை முறையே 50 கிராமும் 25 கிராமும் ஆகும். நம் விடுதி வாயிலில் உள்ள கடைக்காரர் தேநீர்க் குவளைக்கு இரண்டு கரண்டிக்குக் குறையாமல் போடுவார். நான்கு குவளை குடித்தால் 35 கிராம் போய்விட்டது. ஜிலேபிக் கணக்கை நான் எடுக்கவில்லை; வடநாட்டு நண்பர்கள் கோபிப்பார்கள்! நம்மவர் சிலர், "நான் வெள்ளைச் சீனி தொடுவதில்லை, ஊரிலிருந்து வந்த கருப்பட்டிதான்" என்று பெருமை கொள்வர். கருப்பட்டியும் வெல்லமும் தேனும் இந்தக் கணக்கில் சீனியின் உடன்பிறப்புகளே. வடிகட்டிய பழச்சாறும் அப்படியே. தேநீரில் சீனியை நிறுத்திவிட்டு மலைபோல் சோறு குவிப்பதிலும் பொருளில்லை. மாப்பொருள் குடலில் குளுக்கோஸாகவே மாறுகிறது. சோற்றைப் பாதியாக்கி, பருப்பையும் காயையும் இரட்டிப்பாக்குவது என் வழி.

உடற்பயிற்சியின் பயன் நான் படிக்கும் உயிர்வேதியியலில் மிக அழகான பகுதி. தசை அணுவின் வாயிலை இன்சுலின் என்னும் திறவுகோல் திறந்தால் குளுக்கோஸ் உள்ளே செல்லும். நீரிழிவின் தொடக்கத்தில் பூட்டுத் துருப்பிடித்தாற்போல் ஆகிறது. திறவுகோல் இருந்தும் கதவு திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது அதே வாயில் இன்சுலினை எதிர்பாராமல் வேறொரு வழியாகத் திறக்கிறது. உண்டபின் கால் மணி நேரம் நடப்பவரின் இரத்தத்தில் சர்க்கரை உயரே தாவாமல் இருப்பதற்குக் காரணம் இதுவே. வாரத்திற்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி குறைந்த அளவு. அதனுடன் இரு நாள் தண்டால், பஸ்கி போன்றவையும் வேண்டும். தசை பெருகினால் சர்க்கரை தங்கும் கிடங்கும் பெருகும்.

எடையைப் பற்றியும் ஒரு சொல். பயிற்சிக்குப் பலரும் பயன்படுத்தும் செஸ்னா 152 விமானம், மனிதரும் எரிபொருளும் உட்பட 757 கிலோவுக்கு மேல் இருத்தல் கூடாது. வெறும் விமானமே 500 கிலோவைத் தாண்டும். மிஞ்சுவது சுமார் 240 கிலோ என்று கொள்வோம். ஆசிரியரும் மாணவரும் 90 கிலோ வீதம் ஏறினால் மிச்சம் 60. நிறைத்த தொட்டியின் எரிபொருளோ சுமார் 67 கிலோ. ஆகவே ஆட்கள் பருத்தால் பெட்ரோல் மெலிய வேண்டும். தொப்பைக்காகத் தொலைவைக் குறைத்துக்கொள்ளும் விந்தை வேறு எந்த வண்டியில் உண்டு?

ஒன்றை மறவாதீர்கள். இனிப்பைக் குறைப்பது வேறு, பட்டினியாகப் பறப்பது வேறு. பறக்கும் நாளில் காலை உணவை விடலாகாது. முட்டையோ சுண்டலோ சேர்ந்த சிற்றுண்டி, போதிய தண்ணீர், பையில் ஒரு வாழைப்பழம், இவை வேண்டும். கடும் பயிற்சியைப் பறக்கும் காலையில் செய்யாமல் மாலைக்கு ஒத்திவைப்பது நன்று. மற்ற நாட்களில் இரவு உணவுக்குப் பின் எட்டரை மணிக்கு நாங்கள் நால்வர் விடுதி வாயிலிலிருந்து நூலகம் வரை நடந்து திரும்புகிறோம். விமானம் ஓட்டும் எண்ணம் இல்லாதவர்களும் வரலாம்.