வாதம் வந்த கைக்குச் சூடு தெரியாது

பக்கவாதம் வந்தவருக்குக் கைகால் விழுந்துபோனது எல்லார் கண்ணுக்கும் தெரியும். அந்தப் பக்கத்து உணர்ச்சி குறைந்துபோனது வீட்டாருக்குத் தெரிவதில்லை. "கை இருக்குதா இல்லையான்னே தெரியலை" என்பார். ஏதோ சலிப்பில் சொல்கிறார் என்று விட்டுவிடுகிறோம்.

உண்மையில் கையில் கோளாறில்லை. கை அனுப்பும் சேதியை வாங்கிக்கொள்ளும் மூளைப்பகுதிதான் இரத்தம் அடைபட்டோ கசிந்தோ சேதமடைந்திருக்கிறது. அதனால் சூடு, குத்தல், கை எங்கே கிடக்கிறது என்பது எதுவும் சரியாக எட்டாது.

நம் லயத்தில் உடனே செய்கிற வைத்தியம் என்ன? ஒத்தடந்தானே! செங்கல்லைச் சுடவைத்து, துணியில் சுற்றி வைப்போம். "சூடு போதுமா?" என்றால் "இன்னும் கொஞ்சம்" என்பார். அதை நம்பி வைத்தால் மறுநாள் கொப்புளந்தான். சர்க்கரை வியாதியும் இருந்தால் அந்தப் புண் லேசில் ஆறாது. மரத்துப்போன பக்கத்துக்கு ஒத்தடமே வேண்டாம். குளிக்கிற வெந்நீரை நல்ல கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். காப்பிக் குவளையையும் நல்ல கையிலேயே கொடுங்கள்.

தோல் பார்த்த வேலையை இனிமேல் கண் பார்க்க வேணும். செருப்புக்குள் கல் கிடக்கிறதா, நாற்காலி இடுக்கில் விரல் மாட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேணும். இரவில் குதிகால், இடுப்பு, முழங்கை சிவந்தோ கறுத்தோ இருக்கிறதா என்று வீட்டார் பாருங்கள். படுத்தே கிடப்பவரை இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்க வையுங்கள்.

சிலருக்கு ஒரு பக்கத்துப் பார்வையும் போய்விடும். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். "அடம் பிடிக்கிறார்" என்று ஏசாதீர்கள். தட்டைத் திருப்பி வையுங்கள், மீதியையும் சாப்பிடுவார்.

இன்னும் சிலருக்கு நேர்மாறு. சட்டை உரசினாலே எரியும். பல மாதம் கழித்தும் இது வரலாம். நடிப்பல்ல. தைலம் போட்டு அழுத்தித் தேய்த்தால் கூடத்தான் செய்யும். பனடோலுக்கும் பெரும்பாலும் கேட்காது. இதற்கு வேறு மாத்திரை உண்டு. கிளினிக்கில் வெறுமனே "வலி" என்னாமல், "துணி பட்டால் எரியுது" என்று விளக்கிச் சொல்லுங்கள்.

உணர்ச்சி திரும்பப் பழக்கமும் உதவும். துண்டு, அரிசி, தேங்காய் நார் இவற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே தடவ வேணும். பிறகு கண்ணை மூடி, எது என்று சொல்ல வேணும். தினமும் சில தடவை, பேரப்பிள்ளைகளோடு விளையாட்டாகவே செய்யலாம். சொக்சோ சந்தா கட்டியவர்கள், மலாக்காவில் 2014இல் திறந்த துன் ரசாக் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி கிடைக்குமா என்று சொக்சோ அலுவலகத்தில் கேளுங்கள்.