அரங்கேற்றமும் மாணவர் திரைப்பட விழாவும்

எழுதி முடித்த ஏடு அவையேறிய பின்னரே நூலாகும் என்பது நம் முன்னோர் கொள்கை. நம் ஊர்க் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற்செய்யுளின் தொடக்கப் புணர்ச்சிக்கே விதி யாதென ஒருவர் தடுத்தார் என்றும், வீரசோழியம் காட்டி அத்தடை நீக்கப்பட்டது என்றும் மரபுவழிச் செய்தி கூறும். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் வள்ளல் அபுல்காசிம் மரைக்காயரின் ஆதரவில் அவையேறிய காப்பியமே. தடை எழுப்ப ஆளில்லாத அவை அரங்கேற்றத்துக்குரிய அவையன்று.

மாணவர் திரைப்பட விழாவும் இத்தகைய அவையே. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் 2001-இல் தொடங்கப்பெற்ற ஐவி திரைப்பட விழா, மாணவர்களே நடத்துவது. இளங்கலை மாணவர் எடுத்த குறும்படங்கள் அங்கே போட்டிக்கு வருகின்றன. கொள்ளுவதும் தள்ளுவதும் மாணவர் பொறுப்பு. தம் வயதொத்தவரின் படைப்பைக் காரணங்காட்டி மறுக்கப் பழகுவது, பரிசு பெறுவதினும் பெரிய கல்வி என்பேன்.

தமிழகத்தில் 1986-இல் வெளிவந்த ‘ஊமை விழிகள்’, சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்ற ஆபாவாணன், அரவிந்தராஜ் முதலானோர் ஆக்கியது. கொட்டகையில் கட்டணம் செலுத்திய பொதுமக்களே அதற்கு அவையாயினர்.

நிற்க. “கல்லூரியில் சினிமாவா, தம்பி?” என்று சமுதாயப் பெரியவர் ஒருவர் என்னை வினவினார். அவர் அஞ்சியது கேளிக்கையை, அதில் தவறில்லை. நான் எண்ணியதோ நம் தெருவின் தறியை.

பிரியதர்சன் இயக்கிய ‘காஞ்சிவரம்’ 2007-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. பட்டு நெய்பவன் தன் மகளுக்கு ஒரு பட்டுச்சேலை தர இயலாத துயரை அது உருக்கமாகக் காட்டிற்று. எனினும் குழித்தறிக்கு அருகில் வளர்ந்த பிள்ளை வேறொன்றைக் கண்டிருக்கும். கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று. அவற்றை ஒருவரே வீசல் அரிது. மறுகரையருகே உதவியாள் ஒருவர் அமர்ந்திருப்பார். இன்று அவ்விடத்தில் அமர வேண்டிய இளைஞர் ஒரகடத்துத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறிவிடுகின்றனர்.

நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தி, தன் தந்தையின் தறியைக் கைப்பேசியில் ஏழு நிமிடப் படமாக எடுத்து வகுப்பில் திரையிட்டாள். அனைவரும் கைதட்டினர். முதலாண்டு மாணவன் ஒருவன் மட்டும் எழுந்து, “அக்கா, மூன்றாம் நாடாவை வீசும் கை தெரிகிறது, முகம் எங்கே?” என்றான்.

அக்கை அவள் தாயினுடையது. கூலிச் சீட்டில் தந்தையின் பெயர் மட்டுமே உண்டு என்பதை அவள் அப்போதுதான் சொன்னாள். மறுவாரம் படத்தைத் திருப்பிப் பெற்றுக்கொண்டாள்; தாய் இன்னும் படமெடுக்க இசையவில்லையாம்.