தட்டியதை வாசித்துக் காட்டுங்கள்

2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போனபோது என் கையில் படிவக் கட்டு இருந்தது. இயந்திரம் படிக்க வேண்டிய தாள் என்பதால் மடிக்கக் கூடாது. எண் கட்டத்தைத் தாண்டக் கூடாது. மறு ஆண்டே சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்புக்கு அதே தெருக்களில் நடந்தேன். இம்முறை டேப்லெட். நான் கேட்பேன், கூட வந்த தரவுப் பதிவாளர் தம்பி தட்டுவார்.

பதிந்ததை வீட்டாருக்கு வாசித்துக் காட்டிய பிறகே ஒப்புகைச் சீட்டு தர வேண்டும் என்பது விதி. முதல் இரண்டு நாள் அவசரத்தில் முணுமுணுத்துவிட்டு நகர்ந்தோம். மூன்றாம் நாள், வெயிலில் திரை தெரியாமல் ஒரு பாட்டியின் திண்ணையில் ஒதுங்கினோம். அங்கே நிதானமாக வாசித்தபோது, "ஏன் வாத்தியாரய்யா, என் வீட்ல ஏது பிரிட்ஜ்?" என்றார். தம்பியின் விரல் தவறிப் பட்டிருந்தது. அந்தக் கணக்கெடுப்பின் விதிப்படி, கிராமத்தில் பிரிட்ஜ் இருப்பதாகப் பதிவானால் அந்தக் குடும்பம் ஏழைகள் பட்டியலிலிருந்து தானாகவே விலக்கப்பட்டுவிடும். எனக்கு உடம்பு பதறியது. விடுபட்ட கேள்வியைக் கருவி காட்டிக்கொடுக்கும். தவறான 'ஆம்' அதற்கு ஒரு பதில், அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும் முகத்தைப் பார்த்து வாசித்தோம். நாளுக்கு நாலைந்து வீடு குறைந்தது, குறையட்டும்.

சாதிப் பெயரில் இன்னொரு பாடம். ஒரே சாதி ஒரு வீட்டில் 'ர்' விகுதியோடும், அடுத்த வீட்டில் 'ன்' விகுதியோடும், மூன்றாம் வீட்டில் பட்டப்பெயராகவும் பதிவாகியிருந்தது. சொன்னதை அப்படியே தட்டியதால் வந்த வினை. அந்தக் கணக்கெடுப்பில் 46 லட்சம் சாதிப் பெயர்கள் சேர்ந்துவிட்டதாக ஒன்றிய அரசு 2021இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னபோது எனக்கு எங்கள் தெருதான் நினைவுக்கு வந்தது. 1931 கணக்கெடுப்பில் அந்த எண்ணிக்கை 4,147.

2027 கணக்கெடுப்பு கைபேசிச் செயலியில் நடக்கிறது, சாதியும் கேட்கப்படும். போகிற ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன்: பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். நிழலில் உட்கார்ந்து பதியுங்கள். சாதிப் பெயரில் ஐயம் வந்தால் நீங்களாக ஒன்றைத் தேர்ந்துவிடாதீர்கள். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டு, வீட்டார் ஒப்புக்கொண்ட பெயரையே பதியுங்கள். ஐயம் வந்த வீடுகளை ஒரு சின்ன நோட்டில் குறித்துவைத்து, ஊரைவிட்டுக் கிளம்பும் முன் மேற்பார்வையாளரிடம் கேட்டுவிடுங்கள். மறுநாள் அந்த வீட்டார் காட்டு வேலைக்குப் போயிருப்பார்கள்.