கொட்டகை மரத்தைக் கொத்தும் மரங்கொத்தி

மாட்டுக் கொட்டகையின் தூணையும் சட்டத்தையும் மரங்கொத்தி கொத்துகிறதா? கவணை எடுக்குமுன் மரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் மரத்திற்குள் இருக்கும் புழுவைத் தேடியே பறவை வருகிறது. அதாவது, சேதம் முன்பே தொடங்கிவிட்டது.

சட்டத்தின் அடியில் சுமார் அரை அங்குல வட்டத் துளையும், கீழே மரத்தூளும் காணப்பட்டால் அது கருவண்டு எனப்படும் தச்சுத் தேனீயின் வேலை. சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் கொட்டினால் மரம் உளுத்து வருகிறது.

செய்ய வேண்டியவை:

1. கத்தி முனையால் மரத்தைக் குத்திப் பாருங்கள். எளிதில் இறங்கினால் அம்மரம் கூரையின் பாரத்தைத் தாங்காது. உடனே மாற்றிவிடுங்கள்.

2. வண்டு வெளியேறிய பின் துளைகளில் பசை தடவிய மரமுளையை அடித்து, மேலே பெயிண்ட் பூசுங்கள். பெயிண்ட் பூசிய மரத்தைத் தச்சுத் தேனீ அதிகம் நாடாது.

3. கொத்தும் இடத்திற்கு மூன்று அங்குலம் முன்தள்ளி, அரை அங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை இறுக்கமாகக் கட்டுங்கள். அலகு மரத்தை எட்டாது.

4. பளபளக்கும் நாடாக்களைக் காற்றில் ஆடும்படி தொங்கவிடலாம். நாளடைவில் பறவைக்கு இவை பழகிவிடும். ஆகவே கொத்தத் தொடங்கியவுடனே கட்டுவது நலம்.

விஷம் வைக்காதீர்கள். மரங்கொத்தியைக் கொல்வது 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். மேலும் அது மரம் துளைக்கும் புழுக்களைத் தின்னும் பறவை. தச்சுத் தேனீயோ துவரைப் பூவில் மகரந்தம் சேர்ப்பது. வேலியோரம் பட்ட மரம் ஒன்றை விட்டுவைத்தால் இரண்டுக்கும் அங்கே இடம் கிடைக்கும்.