எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்கிற அம்மா

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சை முடிந்து அம்மாவுக்கு இப்போது பக்ளிடாக்செல் கீமோ போகிறது. வாராவாரம் கைபேசிக்கு ஒரு கேள்விப் படிவம் வரும்: நோ இருக்கிறதா, சத்தி வருகிறதா, களைப்பு எவ்வளவு என்று. அம்மாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. நான்தான் வாசித்து நிரப்புகிறேன். எதைக் கேட்டாலும் “ஒண்டும் இல்லையெண்டு போடு, அந்தப் பிள்ளையளுக்கு ஏன் கரைச்சல்” என்கிறா. ஆனால் சட்டைப் பொத்தான் பூட்ட அவ படுகிற பாட்டை நான் பார்க்கிறேன். இந்தப் படிவத்தை உண்மையில் யாராவது பார்க்கிறார்களா? அம்மா சொல்வதைப் போடுவதா, நான் காண்பதைப் போடுவதா?
– ஒரு வாசகி, லண்டன்

பதில்: முதலில் அந்தப் பொத்தான். அடுத்த படிவம் வரும்வரை காத்திருக்காமல் நாளைக்கே அம்மாவின் தாதியை அழைத்துச் சொல்லுங்கள். பக்ளிடாக்செல் கை, கால் விரல் நுனிகளின் நரம்புகளைப் பாதித்து விறைப்பை உண்டாக்கக்கூடிய மருந்து. வழக்கமான இரத்தப் பரிசோதனை அதைக் காட்டாது; ஸ்கானும் காட்டாது. அடுத்த முறை எவ்வளவு மருந்து ஏற்றுவது என்று முடிவெடுக்கிறவருக்கு அம்மாவின் வாய்ச்சொல்தான் முக்கியமான ஆதாரம். நேரத்தோடு தெரிந்தால் அளவைக் குறைக்கலாம், ஒரு கிழமை தள்ளலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். தெரியாமலே தொடர்ந்தால் விறைப்பு சிகிச்சை முடிந்தும் மாதக்கணக்கில் நிற்கலாம். சிலருக்குப் போவதே இல்லை.

கரைச்சல் கொடுக்கக் கூடாது என்ற எண்ணத்துக்குப் பின்னால் வேறொன்றும் இருக்கலாம், மெல்லக் கேட்டுப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைப்பவர்கள் நிறையப் பேர். நியூயோர்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஈதன் பாஷும் குழுவினரும் 766 பேரிடம் நடத்திய ஆய்வை அம்மாவுக்குச் சொல்லலாம். கணினி வழியாகத் தங்கள் உபாதைகளைச் சொல்லிவந்தவர்கள் சராசரியாக 8.2 மாதம் கீமோவில் தாக்குப்பிடித்தார்கள். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்கள் 6.3 மாதம்தான். அவர்கள் நோய் பரவியவர்கள், அம்மாவின் நிலை வேறு. ஆனால் சொன்னவர்களுக்குச் சிகிச்சை பறிபோகவில்லை, நீண்டது.

யாராவது பார்க்கிறார்களா என்பது நியாயமான சந்தேகம். நியூயோர்க் ஆய்வில் உபாதை கடுமையானாலோ கூடினாலோ தாதிக்கு மின்னஞ்சல் போகும். அப்படிப் போனவற்றில் 77 சதவீதத்துக்குத் தாதியர் ஏதாவது செய்தார்கள்: தொலைபேசி ஆலோசனை, துணை மருந்து, மருந்தளவு மாற்றம். பிரித்தானியா, அயர்லாந்து, நோர்வே, ஒஸ்திரியா, கிரேக்கம் ஆகிய 5 நாடுகளில் 829 பேரிடம் நடந்து 2021இல் வெளியான இஸ்மார்ட் ஆய்வில் இன்னும் கறாரான ஏற்பாடு. நோயாளி நாள்தோறும் கைபேசியில் பதில் சொல்வார். சிவப்பு எச்சரிக்கை வந்தால் 30 நிமிடத்துக்குள், மஞ்சள் என்றால் 8 மணி நேரத்துக்குள் மருத்துவமனை தொடர்புகொள்ள வேண்டும். அதில் சேர்ந்தவர்களின் உபாதை கீமோவுக்கு முன்பிருந்த அளவிலேயே நின்றது, மற்றவர்களுக்குக் கூடியது. உங்கள் மருத்துவமனையின் ஏற்பாடு எப்படி என்று நேராகவே கேளுங்கள்: படிவத்தை எந்த நாளில், எந்த நேரத்தில், யார் பார்க்கிறார்? சனி, ஞாயிறில் பார்ப்பவர் உண்டா? அம்மாவின் பேரில் ஒரு சிறப்புத் தாதி இருந்தால் அவரிடமே கேட்கலாம். பார்க்க ஆளில்லாத படிவம் வெறும் காகிதம், அது கைபேசியில் வந்தாலும்.

படிவம் ஆயுளைக் கூட்டும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிடாதீர்கள். நியூயோர்க் ஆய்வில் உபாதைகளைச் சொல்லிவந்தவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுடையது 26 மாதம் என்று வித்தியாசம் வந்தது உண்மைதான். பிறகு அமெரிக்காவில் 52 சிகிச்சை நிலையங்களில் 1,191 பேரிடம் நடந்த ஆய்வில் ஆயுளில் அப்படி ஒன்றும் தெரியவில்லை. உபாதைகள் குறைந்தன, நடமாட்டம் மேம்பட்டது. என்னைக் கேட்டால் அதுவே போதும்.

இனி, யாருடைய பதிலைப் போடுவது? அம்மாவுடையதை. உடலுக்குள் நடப்பது அவவுக்குத்தான் தெரியும். தாதியரும் மருத்துவர்களும் நோயாளியின் உபாதையைக் குறைத்து மதிப்பிடுவதும், வீட்டார் கூட்டி மதிப்பிடுவதும் பல ஆய்வுகளில் கண்டது. ஆனால் “விறைப்பு இருக்கா அம்மா?” என்று கேட்டால் “இல்லை” என்றுதான் வரும். போன கிழமை தேநீர்க் கோப்பை கை நழுவியதா, செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தீர்களா என்று கேளுங்கள். வருகிற பதிலைப் படிவத்தில் போட்டுவிட்டு, நீங்கள் கண்டதைத் தாதிக்குத் தனியாகச் சொல்லுங்கள். மகளிடம் சொல்லக் கூச்சமான மலச்சிக்கல், மனச்சோர்வு போன்றவற்றுக்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். பிரித்தானியாவின் என்எச்எஸ் மருத்துவ சேவையில் அதற்குக் கட்டணம் இல்லை.

கடைசியாக ஒன்று. காய்ச்சல், நடுக்கம், மூச்சு முட்டல், நிற்காத வயிற்றோட்டம் வந்தால் படிவத்தைத் தொடவே வேண்டாம். கீமோவில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமித் தொற்று சில மணி நேரத்தில் உயிருக்கு ஆபத்தாகும். காய்ச்சல் பார்க்கும் முன் பரசிட்டமோல் கொடுத்தால் உண்மை மறைந்துபோகும். அம்மாவுக்குத் தந்த அட்டையில் 24 மணி நேர இலக்கம் இருக்கும், எந்த வெப்பநிலையில் அழைக்க வேண்டும் என்றும் இருக்கும். சாமம் 2 மணியானாலும் அந்த இலக்கத்தையே அழையுங்கள்.