கச்சானும் கொண்டலும்

கேள்வி: சென்னையில் கடற்கரைக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறேன். ஏப்ரலில் மதியத்துக்கு முன்பே வந்துவிட்ட கடற்காற்று, மே கடைசியில் மூன்று மணியாகியும் எட்டிப் பார்ப்பதில்லையே, ஏன்?

பதில்: கடற்காற்று வராமலில்லை; வழியில் மறிக்கப்படுகிறது. வெயிலில் தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாகத்தான் சூடாகும். தரைமேல் சூடான காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலின் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது. மீனவர்கள் இதைக் கொண்டல் என்பார்கள். ஏப்ரலில் இதற்குப் பெரிய எதிர்ப்பு இருக்காது.

ஜூன் முதல் வாரத்தையொட்டிக் கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும். அது நெருங்க நெருங்க மேல்காற்று வலுக்கும். மீனவர் பேச்சில் இது கச்சான். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் ஈரத்தைக் கொட்டிவிட்டு, இந்தப் பக்கம் வறண்டு, சூடேறி இறங்குகிறது. இது ஓங்கினால் கொண்டல் கடலோரத்திலேயே நின்றுவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது இப்படிப்பட்ட கச்சான் பருவத்தில்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் அறிய மொட்டைமாடிக் கொடியைப் பாருங்கள். துணி கடல் பக்கமாகப் பறந்து, சீக்கிரமே மொறுமொறுவென்று காய்ந்தால் கச்சான். திசை மாறி, வெக்கை தணிந்து, உடம்பு பிசுபிசுத்தால் கொண்டல் வந்துவிட்டது.

இந்த மல்லுக்கட்டில் ஒரு லாபமும் உண்டு. இரண்டும் மோதும் இடத்தில் ஈரக்காற்று மேலெழும்பி, சில மாலைகளில் இடிமழையாகக் கொட்டும்.